‘உள்ளேன் அம்மா’: கம்பியில்லா வலைப்பின்னல் கற்றுத் தந்த பாடம்

வீடு ராஜபாளையத்தில், பணி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். பதினாறு ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். ‘மின்காந்த அலைகள்’ பாடத்தை இத்தனை ஆண்டுகளும் ஒரே மாதிரிதான் நடத்தினேன். கரும்பலகையில் நிறமாலை வரைவேன். அலைநீளம், அதிர்வெண், இரண்டு கணக்கு, ஓர் ஐந்து மதிப்பெண் வினா. அதோடு பாடம் முடிந்துவிடும். அந்த அலைகள் என் தலைக்கு மேலேயே போய் வந்துகொண்டிருக்கின்றன என்பதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவள் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி வரிசை மாணவி ஒருத்தி.

ஒருநாள் காலை வருகைப் பதிவின்போது அவள் பெயரை அழைத்தேன். பதில் வரவில்லை. வராதவள் என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். பாடவேளை முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள்.

“அம்மா, நான் ‘உள்ளேன் அம்மா’ன்னு சொன்னேன். உங்களுக்குத்தான் கேட்கல.”

அவள் குரல் மெல்லியது. என் தலைக்கு மேலே பழைய மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டைத் திருத்தி, “நீதான் சத்தமாச் சொல்லணும்” என்றும் சொல்லி அனுப்பினேன். என் குரல் அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அவள் குரல்தான் என்னிடம் வந்து சேரவில்லை. இதில் ஒரு பாடமே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பீரோவுக்குள் வைஃபை

எங்கள் பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் பழைய கட்டடத்தில் இருக்கிறது. மேல்நிலை வகுப்புகள் மைதானத்தைத் தாண்டி, சுமார் 70 மீட்டர் தள்ளியுள்ள புதிய கட்டடத்தில். இடையில் ஒரு பெரிய வேப்பமரம். புதிய கட்டடத்தில் கைக்கணினியைத் திறந்தால் இணையம் வராது. “லைன் சரியில்ல” என்பதே எங்கள் எல்லோருடைய விளக்கமும். மாணவிகள் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன்.

“லைன் சரியில்லன்னா லேப்ல மட்டும் எப்படி அம்மா வருது?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. சரி, அளந்து பார்ப்போம் என்று கிளம்பினோம்.

என் கைபேசியில் வைஃபை வலுவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டேன். ஆய்வகத்தில் ரௌட்டரைத் தேடினால் காணவில்லை. திருட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக அதை இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம்! சாவி வாங்கிவந்து, நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தோம். கதவு மூடியிருந்தபோது -66 டிபிஎம். திறந்ததும் -42 டிபிஎம். மாணவிகள் கைதட்டினார்கள். எனக்கோ வெட்கமாக இருந்தது. உலோகக் கூட்டுக்குள் மின்காந்த அலை நுழையாது என்று ஃபாரடே கூட்டைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவள் நான்.

‘அப்படியானால் மூடிய பீரோவிலிருந்து கொஞ்சமாவது எப்படி வந்தது?’ என்பது அடுத்த கேள்வி. கம்பி நுழையும் துளை வழியாகவும் கதவு இடுக்குகள் வழியாகவும் கசிந்துதான். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்று மேல். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து மாணவிகளே இதைக் கண்டுபிடித்தார்கள்.

டெசிபலுக்குப் பயப்பட வேண்டாம்

செயலி காட்டும் எண் எதைக் குறிக்கிறது? ஒரு மில்லிவாட் திறனை 0 டிபிஎம் என்று வைத்துக்கொள்கிறோம். திறன் பத்து மடங்கு கூடினால் 10 கூட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கானால் 10 கழிக்க வேண்டும். இரு மடங்கானால் ஏறக்குறைய 3 கூட்டினால் போதும். இந்த மூன்றே விதிகள்தான். மடக்கை தெரியாத எட்டாம் வகுப்பு மாணவரும் இதைச் செய்துவிடுவார்.

சாதாரண ரௌட்டர் அனுப்பும் திறன் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம். -60 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய திறனில்தான் நம் கைபேசியில் காணொலி ஓடுகிறது. எங்கள் பீரோ விழுங்கியது 24 டெசிபல். பத்து மடங்கு, இன்னொரு பத்து மடங்கு, அதற்கு மேல் இரண்டரை மடங்கு. ஆக, சுமார் 250 மடங்குத் திறனை இரும்புத் தகடு தடுத்திருக்கிறது.

தொலைவினால் ஏற்படும் இழப்பையும் மனக்கணக்காகவே போடலாம். தடையற்ற வெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு முதல் ஒரு மீட்டரில் 40 டெசிபல் இழப்பு. பிறகு தொலைவு பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் 20 டெசிபல் சேரும். 10 மீட்டரில் 60, 100 மீட்டரில் 80, ஒரு கிலோமீட்டரில் 100, பத்து கிலோமீட்டரில் 120. நாம் கற்பிக்கும் தலைகீழ் இருமடி விதிதான் இங்கே கூட்டல் வடிவத்தில் வந்து நிற்கிறது. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், ஈரம் நிறைந்த இலைகள் எல்லாம் தங்கள் பங்குக்கு இன்னும் சில டெசிபலை எடுத்துக்கொள்ளும்.

நான்கு கோடும் வந்தது, பாடம் வரவில்லை

தலைமையாசிரியரிடம் சொன்னதும், “இவ்வளவு நாளா நாமளே பூட்டி வச்சுட்டு லைனைத் திட்டிக்கிட்டு இருந்தோமா, டீச்சர்?” என்று சிரித்துவிட்டு, ரௌட்டரைச் சுவரின் உயரத்தில் மாட்ட ஏற்பாடு செய்தார். புதிய கட்டடத்தில் -74 டிபிஎம் கிடைத்தது. இணையம் வந்தது, விட்டுவிட்டு வந்தது.

அவசரப்பட்டு என் சொந்தச் செலவில் ‘அதிகத் திறன்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்த ரௌட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். 500 மில்லிவாட், அதாவது 27 டிபிஎம். பழையதைவிட 7 டெசிபல் கூடுதல். கணக்குப் பிசகவில்லை. புதிய கட்டடத்தில் -67 டிபிஎம் ஆனது. கைக்கணினியில் நான்கு கோடும் நிறைந்தன. ஆனால் காணொலி முன்பு போலவே சுற்றிக்கொண்டே நின்றது.

“சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா வரமாட்டேங்குதே” என்று நான் சலித்துக்கொண்டபோது, கடைசி வரிசையிலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது. இம்முறை காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“அம்மா, அது பேசுறது நமக்குக் கேட்குது. நாம பேசுறது அதுக்குக் கேட்குதா?”

அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் இருந்தது. ரௌட்டரிலிருந்து கைக்கணினிக்கு வருவது பாதிப் பயணம்தான். ‘எனக்கு இந்தப் பக்கம் வேண்டும்’ என்று கைக்கணினி கேட்பதும் அதே காற்று வழியாகத்தான் போக வேண்டும். அதோடு, வைஃபையில் ஒவ்வொரு தரவுத் துண்டு வந்து சேர்ந்ததும் பெற்றுக்கொண்ட கருவி ‘கிடைத்தது’ என்று ஒரு சிறு ஒப்புகையை உடனே அனுப்பியாக வேண்டும். ஒப்புகை வராவிட்டால் ரௌட்டர் அதே துண்டை மறுபடியும் அனுப்பும். வகுப்பில் பெயரை அழைத்துவிட்டு ‘உள்ளேன் அம்மா’வுக்குக் காத்திருப்பதைப் போலத்தான். பதில் காதில் விழாவிட்டால் மீண்டும் அழைப்போம். அப்போதும் விழாவிட்டால் வரவில்லை என்று குறித்துவிடுவோம்.

கைக்கணினி சிறிய மின்கலத்தில் இயங்குவது. அது அனுப்பும் திறன் சுமார் 25 மில்லிவாட், 14 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். புதிய ரௌட்டரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. நான் பணம் கொடுத்து வாங்கியது ரௌட்டருக்கு உரத்த குரல் மட்டுமே. கைக்கணினியின் குரல் ரௌட்டரை அடையும் அளவு ஒரு டெசிபல்கூட உயரவில்லை.

இன்னொன்றும் உண்டு. எந்த ஏற்பிக்கும் ஓர் இரைச்சல் தளம் இருக்கும். வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதாலேயே எழும் இரைச்சல் அது. வைஃபை ஏற்பிகளில் இது சுமார் -95 டிபிஎம். சைகை இதற்கு மேல் எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதே முக்கியம். 25 டெசிபல் உயர்ந்து நின்றால் காணொலி தடையின்றி ஓடும். 10 டெசிபல்தான் என்றால் தட்டுத்தடுமாறும். ஆய்வகத்தைச் சுற்றி ஆசிரியர்களின் கைபேசி ஹாட்ஸ்பாட்டுகள் வேறு அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தன. ரௌட்டரின் தலைக்கு மேலும் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

கடைசியில் தீர்வு கம்பியில் கிடைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவின் உதவியோடு இரு கட்டடங்களுக்கும் இடையே வலைப்பின்னல் கேபிள் இழுத்தோம். இவ்வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பழைய, சாதாரண ரௌட்டரையே புதிய கட்டடத்தில் மாட்டினோம். பேசுபவரும் கேட்பவரும் அருகருகே வந்துவிட்டார்கள். இப்போது யாரும் கத்த வேண்டியதில்லை.

கோடைப் பண்பலையும் வைஃபையும்

‘அப்படியானால் கோடைக்கானலிலிருந்து ரேடியோ மட்டும் எப்படிக் கேட்கிறது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நம் பகுதியில் கோடைப் பண்பலை கேட்காத வீடு குறைவு. அகில இந்திய வானொலியின் அந்த நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அலைபரப்பியின் திறன் 10 கிலோவாட், அதாவது 70 டிபிஎம். நம் ரௌட்டரைவிட ஒரு லட்சம் மடங்கு. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு அருகில் மலையுச்சியில் நிற்பது அதற்குப் பெரும் பலம். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 2,100 மீட்டருக்கு அது ஏறக்குறைய 189 கிலோமீட்டர். ராஜபாளையம் நேர்கோட்டில் அதில் பாதித் தொலைவில்கூட இல்லை. அலைநீளமும் சுமார் 3 மீட்டர் என்பதால் தடைகளை ஓரளவு வளைந்து கடக்கும். கைபேசியில் பண்பலை கேட்க இயர்போனைச் செருகச் சொல்வதும் இதனால்தான். அந்த நீளக் கம்பிதான் ஆண்டெனாவாக வேலை செய்கிறது.

ஆனால் வானொலிக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது ஒருவழிப் பேச்சு. கணினி வலைப்பின்னல் இருவழிப் பேச்சு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் வைஃபை சிக்கல்களில் பாதி விளங்கிவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம், தேனியில்

வைஃபையைப் பல கிலோமீட்டர் கொண்டுசெல்ல முடியுமா? முடியும் என்று காட்டியது நம் அண்டை மாவட்டமான தேனிதான். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களுக்கு வரும் நோயாளிகளைத் தேனியிலுள்ள மருத்துவர் காணொலியில் பார்த்துப் பேச வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, 2000களின் நடுப்பகுதியில், மருத்துவமனையோடு சேர்ந்து இதற்கு ஒரு வலைப்பின்னல் அமைத்தது. பயன்படுத்தியவை கடையில் கிடைக்கும் வைஃபை அட்டைகளும் திசை ஆண்டெனாக்களும்தான். இணைப்புகள் ஒரு கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்டன.

திசை ஆண்டெனா புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை. எல்லாப் பக்கமும் சிதறுவதை ஒரே பக்கம் குவிக்கிறது. கையைக் குவித்து வாயருகே வைத்தால் குரல் தூரம் போகும். அதே கையைக் காதருகே வைத்தால் தூரத்துக் குரல் நன்றாகக் கேட்கும். ஆண்டெனா வாய்க்கும் காதுக்கும் சேர்த்து உதவுகிறது. நான் வாங்கிய ‘அதிகத் திறன்’ வாய்க்கு மட்டும் உதவியது.

தேனியில் எழுந்த சிக்கலும் ஒப்புகையைப் பற்றியதுதான். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். நமக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் வைஃபை விதிகள் வீடு, அலுவலகம் போன்ற குறுகிய தொலைவுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஒப்புகை வந்துகொண்டிருக்கும்போதே ‘வரவில்லை’ என்று முடிவுகட்டிக் கருவி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். தொலைவில் இருப்பதால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு உடனே தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடவும் கூடும். எனவே அந்தக் குழு மென்பொருளை மாற்றியது. இன்ன நேரம் உனக்கு, இன்ன நேரம் எனக்கு என்று முறை பிரித்தது. துண்டு துண்டாக இல்லாமல் மொத்தமாக ஒப்புகை வாங்கியது. 2007இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டது. கேட்பவர் தூரத்தில் இருந்தால் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

மறு ஆண்டு வெளியான இன்னொரு கட்டுரையில் அவர்கள் சொன்னதும் நமக்குப் பயன்படும். ஊர்ப்புறங்களில் கருவிகள் பழுதானது மிகுதியும் ரேடியோவால் அல்ல; மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால். ரௌட்டருக்குப் பணம் ஒதுக்கும் பள்ளிகள் மின்னழுத்தச் சீராக்கிக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்: ஒரு கணக்கு

நான் தினமும் கடக்கும் தொலைவையே வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். இரு ஊர்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். இழப்பு 121 டெசிபல். 2005ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். ஆனால் ஆண்டெனா குவிப்பையும் சேர்த்து வெளிப்படும் பயனுறு திறன் 4 வாட்டுக்கு மேல், அதாவது 36 டிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. இரு முனைகளிலும் 24 டெசிபல் ஆண்டெனா வைத்தால், அலைபரப்பியை 12 டிபிஎம்மில் நிறுத்த வேண்டும். 12உடன் 24ஐக் கூட்டி, 121ஐக் கழித்து, மறுமுனையின் 24ஐக் கூட்டினால் -61 டிபிஎம். இரைச்சலுக்கு மேல் 34 டெசிபல். இரு பக்கமும் ஒரே அமைப்பு என்பதால் போகும் குரலும் வரும் குரலும் சமம். தாளில் இணைப்பு கிடைத்துவிட்டது.

“ஆனா நடுவுல தென்னந்தோப்பு இருக்கே அம்மா!”

அதுதான் அடுத்த படி. ரேடியோ அலைக்கு ஒரு நூல் அளவு நேர்கோடு போதாது. அதைச் சுற்றி, நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய வெள்ளரிக்காய் வடிவில் ஓர் இடம் வேண்டும். இதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 11 கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் சுமார் 18.5 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 11 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். தென்னையின் உயரம் 20 மீட்டர், பூமியின் வளைவுக்காக 2 மீட்டர். மொத்தம் 33 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி, அதாவது ஏறக்குறைய 58 மீட்டர். அதில் பாதிக்கும் சற்று மேலான உயரத்தில் இரு ஊர்களிலும் ஆண்டெனா நிற்க வேண்டும்! 2005ஆம் ஆண்டின் விதிப்படி கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டர்தான் அனுமதி. மாடிப் பள்ளி ஒன்றின் கூரையில் வைத்தாலும் 13 மீட்டருக்கு மேல் எட்டாது. திறன் இருந்தும் உயரம் இல்லை. ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை போன்ற உயரமான இடத்தில் ஒரு முனையை வைத்தால் நடுவழியில் கோடு அதில் பாதி அளவு உயரும் என்று மாணவிகளே வழி கண்டார்கள். மறுமுனைக்கு அருகிலுள்ள மரங்களைத் தனியே பார்க்க வேண்டும் என்பதையும் விடவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

1. பள்ளி வரைபடத்தில் பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வோரிடத்திலும் டிபிஎம் அளவை மூன்று முறை எடுத்துச் சராசரி காணச் சொல்லுங்கள். -67க்கு மேல் பச்சை, -67 முதல் -75 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

2. ரௌட்டருக்கும் கைபேசிக்கும் நடுவே அட்டைப்பெட்டி, தண்ணீர்க் குடம், எவர்சில்வர் தட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக வைத்து அளவிடுங்கள். எது கடத்துகிறது, எது உட்கவர்கிறது, எது எதிரொளிக்கிறது என்று அட்டவணையிடலாம்.

3. 2, 4, 8 மீட்டரில் அளந்து, தொலைவு இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறைகிறதா என்று பாருங்கள். சரியாக 6 வராது. சுவர்களிலிருந்து எதிரொளித்து வரும் அலைகள் குறுக்கிடுவதால்தான் என்று மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

4. அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எந்த அலைவரிசையில் உள்ளன என்று பார்த்து, 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

5. இரு மாணவர்களை மைதானத்தின் இரு முனைகளில் நிறுத்துங்கள். ஒருவரிடம் ஒலிபெருக்கி, மற்றவரிடம் எதுவும் இல்லை. ஐந்து எண்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் பெறச் சொல்லுங்கள். ஒருபக்கம் மட்டும் திறனைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

இந்த ஐந்துக்கும் தேவை ஒரு கைபேசியும் இரண்டு பாடவேளைகளும்தான்.

புதிய கட்டடத்தில் இப்போது கைக்கணினிகள் தடையின்றி இயங்குகின்றன. என் ‘அதிகத் திறன்’ ரௌட்டர் ஆய்வகப் பீரோவில் உறங்குகிறது. இம்முறை அது பூட்டியிருப்பதில் யாருக்கும் குறையில்லை. வருகைப் பதிவின்போது மேசையருகே நின்றபடி பெயர் அழைப்பதையும் விட்டுவிட்டேன். மின்விசிறியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, வரிசைகளுக்கு இடையே நடந்துகொண்டே அழைக்கிறேன். கடைசி வரிசையை அடையும்போது, அதே மெல்லிய குரலில், “உள்ளேன் அம்மா” என்று தெளிவாகக் கேட்கிறது.